ஊட்டி இ-பாஸ்: கடைக்காரருக்குக் கவலை, உள்ளூர்வாசிக்கு நிம்மதி... ஏன் இப்படி?

கோடை விடுமுறையில் ஊட்டிக்குப் போனவர்களுக்கு இந்த அனுபவம் இருக்கும். ஊர் வருவதற்கு முன்பே கார் நின்றுவிடும். மலையைப் பார்க்கப் போய், முன்னால் நிற்கும் வேனையே பார்த்துக்கொண்டிருப்போம்.

இந்த நெரிசலைக் குறைக்கத்தான், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 கோடை சீசனில் எண்ணிக்கைக்கும் வரம்பு விதிக்கப்பட்டது. நீலகிரிக்கு வார நாள்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000 மற்றும் 6,000. இதை எதிர்த்து ஏப்ரல் 2-ம் தேதி நீலகிரி வியாபாரிகள் கடையடைப்பு நடத்தினார்கள்.

ஒரே ஊரில் ஏன் இத்தனை கருத்துகள்?

வருமானம் எங்கிருந்து வருகிறது?

காட்டேஜ் நடத்துபவரும் வர்க்கி, சாக்லேட் விற்பவரும் சீசனில் சம்பாதிப்பதை வைத்துத்தான் மழை மாதங்களை ஓட்ட வேண்டும். கூட்டம் குறையும் என்ற பேச்சே அவர்களுக்குப் பயம்.

சுமை யார் தலையில்?

சுற்றுலாவில் வருமானம் இல்லாத குடும்பங்களுக்கோ குடிநீர், குப்பை, நெரிசலில் சிக்கும் ஆம்புலன்ஸ் என்று தொல்லைதான் மிச்சம். அவர்கள் இ-பாஸை வரவேற்பதில் ஆச்சர்யமில்லை. டாக்ஸி டிரைவர் பாடு இரண்டுக்கும் நடுவில். பயணிகள் வந்தால்தான் சவாரி. ஆனால், நெரிசலில் நின்றால் மூன்று சவாரி ஒன்றாகிவிடும்.

கணக்கு யாருடையது?

ஊர் எவ்வளவு வாகனங்களைத் தாங்கும் என்று ஆராயும் பணி சென்னை ஐ.ஐ.டி-யிடமும் பெங்களூரு ஐ.ஐ.எம்-மிடமும் ஒப்படைக்கப்பட்டது. அது முடிவதற்குள் இடைக்கால வரம்பு வந்ததால், 'இந்த எண் எப்படி வந்தது?' என்ற கேள்வி எழுந்தது. கணக்கு புரியாத விதியை யாரும் எளிதில் ஏற்பதில்லை.

கவனித்தீர்களா? வரம்பு வாகனங்களுக்குத்தான், மனிதர்களுக்கு அல்ல. அரசுப் பேருந்திலும் ரயிலிலும் வருபவர்களுக்கு இ-பாஸ் தேவையில்லை என்றே அறிவிக்கப்பட்டது. பத்துப் பதினைந்து கார்களில் வரும் கூட்டம் ஒரே பஸ்ஸில் வந்துவிடும். கடைக்காரருக்கு வாடிக்கையாளரும் குறையாது, உள்ளூர்க்காரருக்குச் சாலையும் கிடைக்கும். அதற்கு, மேட்டுப்பாளையத்தில் காரை நிறுத்த இடமும், ஊட்டிக்குள் அடிக்கடி ஓடும் பஸ்களும் வேண்டும். இதை மட்டும் எல்லோரும் சேர்ந்து கேட்கலாம்.

அடுத்த முறை ஊட்டிக்குக் கிளம்பும்போது, அப்போதைய விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். முடிந்தால் பஸ் ஏறுங்கள். ஜன்னலோர சீட் கிடைத்தால் மலையையும் நிம்மதியாகப் பார்க்கலாம்!