மணலுக்கும் ரோட்டுக்கும் எந்த டயர்? குழு வண்டிக்கு டயர் வாங்கும் முன் யோசிப்போம்



2005-ல் டாடா ஏஸ் என்ற குட்டி யானை வந்த பிறகு நம் கடற்கரை ஊர்களில் தலைச்சுமையாகவும் பஸ்ஸிலும் போன மீன் கூடைகள் வண்டி ஏற ஆரம்பித்தன. இன்று நம் குழுக்கள் சில கடன் வாங்கி சொந்தமாகவே லோடு வண்டி ஓட்டுகின்றன. வண்டி வாங்கும்போது பத்துப் பேர் கூடிப் பேசுகிறோம். ஆனால் டயர் மாற்றும்போது மட்டும் "டிரைவர் தம்பி பார்த்துக்கிடும்" என்று விட்டுவிடுகிறோம். டயருன்னா டயருதானே, அதுல என்ன இருக்கு என்ற நினைப்புதான் காரணம்.

அப்படி விட்ட ஒரு குழுவில் நடந்ததைக் கேளுங்கள். விடியற்காலை ஏலம் முடிந்து மீன் ஏற்றிய வண்டி கடற்கரை மணலில் புதைந்தது. இழுத்து வெளியே எடுப்பதற்குள் ஐஸ் கரைந்து பாதி மீன் விலை போகவில்லை. "பெரிய பட்டன் டயர் போடுங்க, மணல்ல சும்மா பறக்கும்" என்றார் ஒரு கடைக்காரர். போட்டார்கள். மணலில் முன்னைவிட ஆழமாகப் புதைந்தது. ரோட்டில் ஓடி ஓடி வருஷம் முடிவதற்குள் பட்டனும் தேய்ந்தது. மழை நாளில் பிரேக் போட்டபோது வண்டி வழுக்கிப் பள்ளத்தில் இறங்கியது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. ஆனால் அந்த மாதத் தவணை கட்ட முடியாமல் குழுவுக்குள் பெரிய சண்டை.

தப்பு எங்கே நடந்தது என்று நாங்கள் அவர்களோடு உட்கார்ந்து பேசினோம். அதைத்தான் இங்கே உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

முதலில் வழியைக் கணக்குப் பாருங்கள்

ஒரு வாரம் வண்டி எந்தத் தரையில் எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்று நோட்டில் எழுதச் சொன்னோம். அந்தக் குழுவின் வண்டி தினமும் 40 கிலோமீட்டருக்கு மேல் தார் ரோட்டில் ஓடியது. மணலில் ஓடியது அரை கிலோமீட்டர்கூட இல்லை! அந்த அரை கிலோமீட்டருக்காக வாங்கிய டயர், மீதி 40 கிலோமீட்டரிலும் நஷ்டம் கொடுத்தது.

மணல் வேறு, சேறு வேறு

தரையில் படும் பக்கத்தில் உள்ள வெட்டுகளைத்தான் பட்டன் என்கிறோம். அதில் மூன்று விதம் உண்டு.

1. கோடு டயர்: சுற்றிலும் நீளவாக்கில் கோடு ஓடும். தார் ரோட்டுக்கு ஏற்றது. ஸ்டியரிங் சொன்னபடி கேட்கும், மெதுவாகத் தேயும்.

2. பெரிய பட்டன் டயர்: கட்டை கட்டையாக, ஆழமான இடைவெளியோடு இருக்கும். மழைக்காலத்து உப்பளப் பாதை, வயல் பாதை மாதிரி சேற்றில் கடித்து இழுக்கும். தார் ரோட்டில் இரைச்சல் போடும், சீக்கிரம் தேயும், டீசலும் கூடுதலாகக் குடிக்கும். ஈரத் தாரில் பிடிப்பும் குறைவு.

3. இரண்டும் கலந்தது: நடுவில் கோடு, ஓரத்தில் பட்டன். ரோடும் மண் பாதையும் மாறி மாறி ஓடும் வண்டிக்கு ஏற்றது.

காய்ந்த மணலில் பெரிய பட்டன் ஏன் உதவவில்லை? சேற்றுக்கு அடியில் பெரும்பாலும் கெட்டித் தரை இருக்கும். பட்டன் அதைப் பிடித்துக்கொள்ளும். மணலில் பிடிக்க எதுவும் இல்லை. பட்டன் மணலை மண்வெட்டி மாதிரி வாரி வெளியே தள்ளும், சக்கரம் தனக்குத் தானே குழி தோண்டிக்கொள்ளும். தருவைக்குளம் கடற்கரை மணலுக்கும் உடன்குடி, குதிரைமொழிப் பக்கம் தேரிச் செம்மணலுக்கும் இதே கதைதான்.

மணலுக்கு மருந்து காற்றில் இருக்கிறது

மணலில் குதிகாலை ஊன்றி நடந்தால் புதைகிறது, பாதத்தைப் பரப்பி வைத்தால் புதைவதில்லை. டயரும் அப்படித்தான். காற்றைக் குறைத்தால் டயர் பரந்து உட்காரும், பாரம் அதிக இடத்தில் பிரியும். 1930-களில் ரால்ப் பேக்னால்ட் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி சாதாரண ஃபோர்டு கார்களிலேயே லிபியப் பாலைவன மணல்மேடுகளைத் தாண்டினார். டயரில் காற்றைக் குறைத்தார். சிக்கினால் சக்கரத்துக்கு அடியில் இரும்புத் தகடு போட்டார். நம் ஊரில் தகட்டுக்குப் பதில் பனை ஓலையும் பலகையும் போதும்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. காற்றைக் குறைப்பது மணலில் மட்டும், அதுவும் பாரம் இல்லாத வண்டியில், ஆள் நடக்கும் வேகத்தில். 40 பவுண்டு என்றால் 30 வரை போதும். தார் ரோட்டில் ஏறும் முன் பழைய அளவுக்குக் காற்றை ஏற்றியே ஆகவேண்டும். காற்று குறைந்த டயர் வேகமாக ஓடினால் அதன் பக்கச் சுவர் மடங்கி மடங்கிச் சூடேறும். நம் ஊர் வெயிலில், பாரத்தோடு, அது வெடிக்கும். ஆகவே வண்டியில் ஒரு பம்பும் காற்று அளக்கும் கருவியும் கட்டாயம் இருக்கட்டும். இரண்டும் இல்லையென்றால் காற்றில் கை வைக்காதீர்கள். கெட்டித் தரையிலேயே வண்டியை நிறுத்திவிட்டு, பெட்டியை ஆள் வைத்துச் சுமந்து வருவதே லாபம்.

டயரில் எழுதியிருப்பதைப் படியுங்கள்

* வயது: பக்கச் சுவரில் நான்கு எண் இருக்கும். 2324 என்றால் 2024-ம் வருஷம் 23-வது வாரம் செய்தது. ஓடாமல் கிடந்தாலும் ரப்பர் இறுகி வெடிப்பு விடும். பழசைப் புதுசு விலைக்கு வாங்காதீர்கள்.

* பாரம்: அளவுக்குப் பக்கத்தில் 80 என்று இருந்தால் அந்த ஒரு டயர் 450 கிலோ தாங்கும், 86 என்றால் 530 கிலோ. இதில் வண்டியின் சொந்த எடையும் சேர்த்திதான். ஐஸ், மீன், அதற்கு மேல் ஆட்கள் என்று ஏற்றினால் எந்த நல்ல டயரும் தாங்காது. சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது சட்டப்படியும் தப்பு.

* முத்திரை: ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 2009-ல் மத்திய அரசு போட்ட ஆணை அதைக் கட்டாயமாக்கியது.

* தேய்மானம்: பட்டன் இடுக்கில் சிறு மேடு இருக்கும். பட்டன் அந்த மேட்டளவுக்குத் தேய்ந்தால், அதாவது 1.6 மில்லிமீட்டர் ஆனால், டயரை மாற்றிவிட வேண்டும். மொட்டை டயரால் மழைத் தண்ணீரை ஒதுக்க முடியாது. வண்டி தண்ணீர் மேல் மிதந்து வழுக்கும்.

விலையைப் பார்க்காதீர்கள், ஓட்டத்தைப் பாருங்கள்

ஒரு கணக்குக்குச் சொல்கிறோம். 4,000 ரூபாய் டயர் 40,000 கிலோமீட்டர் ஓடினால் கிலோமீட்டருக்கு 10 பைசா. 3,000 ரூபாய் டயர் 20,000 தான் ஓடினால் 15 பைசா. இதில் எது மலிவு? ரீட்ரெட் டயர் போடுவதாக இருந்தால் பின் சக்கரத்துக்கு மட்டும், நம்பிக்கையான இடத்தில் செய்ததாக இருக்கட்டும். முன் சக்கரத்தில் வேண்டவே வேண்டாம். ஒரே அச்சில் இரண்டு பக்கமும் ஒரே அளவு, ஒரே வகை டயர் இருக்க வேண்டும்.

உப்பையும் முள்ளையும் மறக்காதீர்கள்

உப்பள மண், கடல் மணல், மீன் பெட்டியிலிருந்து வடியும் ஐஸ் தண்ணீர் எல்லாமே ரிம்மை அரிக்கும். ட்யூப்லெஸ் டயரில் ரிம் துருப்பிடித்தால் ஓரத்தில் காற்று கசியும். சாயங்காலம் நல்ல தண்ணீர் விட்டு சக்கரத்தைக் கழுவுங்கள். சீமைக்கருவேல முள்ளும் சிப்பி ஓடும் குத்தியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். ஸ்டெப்னியிலும் வாரம் ஒருமுறை காற்றுப் பாருங்கள்.

அந்தக் குழு என்ன செய்தது?

முன்னால் கோடு டயர், பின்னால் கலந்த டயர் போட்டார்கள். வண்டி இப்போது மணலில் இறங்குவதே அபூர்வம். இறங்கினால் பனை ஓலை, பலகை, பம்பு தயார். டயர் வாங்கிய தேதியும் கிலோமீட்டரும் தீர்மான நோட்டில் எழுதியிருக்கிறது. "முன்னெல்லாம் டிரைவர் சொன்னா தலையாட்டுவோம் மேடம், இப்ப நாங்களே டயரைத் திருப்பிப் பார்த்து நம்பர் வாசிக்கோம்" என்றார் அந்தக் குழுத் தலைவி.

அடுத்த கூட்டத்தில் பேசுங்கள்

1. நம் வண்டி தினமும் தாரில் எவ்வளவு, மணலில் எவ்வளவு, சேற்றில் எவ்வளவு ஓடுகிறது?
2. இப்போது இருக்கும் டயரின் வயது என்ன?
3. டயருக்கென்று மாதாமாதம் தனியாக எவ்வளவு எடுத்து வைக்கலாம்?

வண்டி குழுவின் சொத்து. அது எந்தக் காலில் நிற்கிறது என்பதைத் தெரிந்துகொள்வதும் குழுவின் வேலைதான்.