பழங் காளானும் புதுப் பெயரும்

உலர்ந்த காளான் நிறமும் வடிவும் இழக்கும். ஆயினும் அதன் வித்திகள் நெடுங்காலம் உருக்கெடாதிருக்கும். ஆதலின் பழைய சேகரங்களை நுணுக்குக்காட்டியால் மீண்டும் ஆராய்ந்து பாகுபாட்டைத் திருத்தல் இயலும்.

இலங்கையிற் கிடைத்த காளானொன்றுக்கு 1847 இல் ஆங்கில அறிஞர் பேர்க்கிலி 'அகாரிக்கசு யூரைசசு' எனப் பெயரிட்டார். குடையின் அடியில் தகடுகளுடைய காளான்களுட் பெரும்பாலானவை அந்நாளில் அகாரிக்கசு என்னும் ஒரே சாதியுள் அடக்கப்பட்டன. கறையான் புற்றுக்களில் வளரும் பூஞ்சணங்களைப் பேராதனையிற் பணியாற்றிய பெச்சு ஆராய்ந்து 1906 இல் எழுதினார். 1942 இல் பிரெஞ்சு அறிஞர் ஹெயிம், கறையானோடு கூடிவாழும் இவற்றுக்குத் 'தேமிற்றோமைசிசு' என்னும் தனிச்சாதி வகுத்தார். சாதிப் பெயர் மாறினும் இனப்பெயர் நிலைத்தது.

1986 இல் பெக்லர், இலங்கைக் காளான்களின் பழைய மாதிரிகளையும் ஆராய்ந்து நூல் வெளியிட்டார். ஒரு பெயர் எதனைக் குறித்ததென்னும் ஐயத்தை அறுப்பது முதன்மாதிரியே. அது அழியின் திருத்தத்திற்குச் சான்றில்லை; ஆதலின் அதனைப் பேணல் அறிவுலகின் கடனாம்.