மகாவலிக் கரையில் ஒரு பல்கலைக்கழகம்

ஹட்டன் ஓயாவும் கொத்மலை ஓயாவும் தேயிலைச் சரிவுகளில் வீழும் மழைநீரைத் திரட்டிச் சென்று மகாவலியில் சேர்க்கின்றன. நாவலப்பிட்டியையும் கம்பளையையும் கடந்து வரும் அந்நதி, கண்டி மாநகருக்கு நான்கு மைல் இப்பால், பேராதனையை அடைகின்றது. அங்கே ஹந்தானை மலையின் அடிவாரத்தில், ஏறத்தாழ 700 ஹெக்டேர் பரப்பில் அமைந்திருப்பது பேராதனைப் பல்கலைக்கழகம். ஏக்கர்க் கணக்கிற் சொன்னால் 1,700-க்கும் அதிகம். பெரிய தேயிலைத் தோட்டமொன்று முழுவதும் அடங்கிவிடும். இந்நிலத்தின் பெரும்பகுதியும் ஒரு காலத்தில் தோட்டமாக இருந்ததேயாகும்.

தேயிலைக்கும் பேராதனைக்கும் உள்ள உறவு இதனினும் பழையது. 1824-ஆம் ஆண்டிலே சீனத்திலிருந்து வந்த தேயிலைச் செடி முதன்முதல் நடப்பட்டது பேராதனைத் தாவரப் பூங்காவிலேதான். 1867-இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் அதனைப் பயிரிட்டார். மலைநாடு பின்னர் எவ்வாறு மாறிற்று என்பதை நேயர்கள் அறிவர்.

இலங்கைக்கென ஒரு சர்வகலாசாலை வேண்டும் என்ற இயக்கம் 1906-இலேயே தோன்றிவிட்டது. அதற்குத் தலைமை தாங்கியவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம். 1921-இல் கொழும்பிலே பல்கலைக்கழகக் கல்லூரி பிறந்தது. ஆயினும் பல்கலைக்கழகத்தை எங்கே நிறுவுவது என்னும் வழக்கு ஆண்டுக்கணக்கில் நீடித்தது. கொழும்பே தகுந்த இடம் என்றனர் ஒரு சாரார். மலைநாட்டின் தூய காற்றும் அமைதியுமே கல்விக்கு ஏற்றவை என்றனர் மற்றொரு சாரார். இதனை 'இடப் போர்' என்றே அக்காலத்தார் குறிப்பிட்டனர். 1942 ஜூலை 1-ஆம் நாள், அக்கல்லூரியும் 1870-இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரியும் ஒன்றாகி இலங்கைப் பல்கலைக்கழகம் உதயமாயிற்று. அன்று மாணவர் தொகை ஏறத்தாழ 900. முதல் உபவேந்தர் சேர் ஐவர் ஜெனிங்ஸ்.

மாணவர் யாவரும் வளவுக்குள்ளேயே தங்கி, ஆசிரியரோடு பழகிக் கற்க வேண்டும் என்பது ஜெனிங்ஸின் கனவு. நகரமைப்பு நிபுணர் சேர் பற்றிக் அபர்குரோம்பி திட்டம் வரைந்தார். சேர்லி த அல்விஸ் கண்டிய மரபைத் தழுவிக் கட்டடங்களுக்கு உருக்கொடுத்தார். 1952-இல் பலர் கொழும்பிலிருந்து இடம் பெயர்ந்தனர். 1954 ஏப்ரல் 20-ஆம் நாள், இரண்டாம் எலிசபெத் அரசியார் முன்னிலையில், எடின்பரோ கோமகன் முறைப்படி திறந்துவைத்தார். அருணாசலத்தின் பெயரும் அவர் தமையனார் இராமநாதனின் பெயரும் இரு மாணவர் விடுதிகளுக்குச் சூட்டப்பட்டிருக்கின்றன. கனவு கண்டவரின் பெயர் பிள்ளைகள் உறங்கும் வீட்டுக்கு வழங்குவது பொருத்தமே.

1972-இல் நாட்டின் பல்கலைக்கழகங்கள் யாவும் ஒன்றாக்கப்பட்டபோது பேராதனை ஒரு வளாகமாயிற்று. 1978-ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின் மீண்டும் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. இன்று கலை, விஞ்ஞானம், மருத்துவம், பல் மருத்துவம், பொறியியல், விவசாயம், கால்நடை மருத்துவம், இணைச் சுகாதார விஞ்ஞானம், முகாமைத்துவம் என ஒன்பது பீடங்கள்; மாணவர் 10,000-க்கு மேற்பட்டோர். பொறியியற் பீடம் மட்டும் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கின்றது.

பட்டப் படிப்புக்கு இங்கே கட்டணமில்லை. 1945-இல் வந்த இலவசக் கல்வித் திட்டம் பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கல்வியை இலவசமாக்கியது. ஆனால் அதன் பயன் ஹட்டனிலும் நுவரெலியாவிலும் லயங்களில் வளர்ந்த பிள்ளைகளுக்கு நெடுங்காலம் எட்டவில்லை. தோட்டப் பாடசாலைகள் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பிலேயே விடப்பட்டிருந்தன. பல இடங்களில் ஒரே ஆசிரியர், ஒரே அறை, ஐந்தாம் வகுப்போடு முற்றுப்புள்ளி. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பெற்றோரிற் பெரும்பாலோர் குடியுரிமையையும் இழந்திருந்தனர். 1970-களிலிருந்தே அரசு அப்பாடசாலைகளைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. ஒரு தலைமுறைக்கு மேற்பட்ட தாமதம் இது. பல்கலைக்கழகக் கணக்கில் ஒரு தலைமுறை என்பது சிறிதன்று.

இன்று பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு நூற்றுக்கு 40 இடங்கள் நாடளாவிய திறமைப்படியும், 55 இடங்கள் மாவட்டங்களின் சனத்தொகைப்படியும், 5 இடங்கள் பின்தங்கிய மாவட்டங்களுக்கெனவும் பகிரப்படுகின்றன. நுவரெலியா அப்பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்று. கொழும்பு மாணவனைவிடச் சற்றுக் குறைந்த இசற் புள்ளியுடன் இம்மாவட்ட மாணவன் மருத்துவ பீடத்தில் நுழைய முடிவது இதனாலேயே.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனித்தல் வேண்டும். 2012-ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இம்மாவட்ட மக்களிற் பாதிக்கு மேற்பட்டோர் இந்திய வம்சாவளித் தமிழர். மாவட்டத்துக்குரிய இடங்கள் கணக்கிடப்படும்போது அவர்களது தலைகளும் எண்ணப்படுகின்றன. ஆனால் அவ்விடங்கள் மாவட்டத்தில் முன்னிற்கும் புள்ளிகளுக்கே செல்கின்றன. அப்பிள்ளை தோட்டத்துப் பிள்ளையா, பட்டினத்துப் பிள்ளையா என்பதைச் சட்டம் கேட்பதில்லை. உயர்தர விஞ்ஞான வகுப்பு நடத்துவதற்கு ஆய்வுகூடமும் பௌதிகவியல், இரசாயனவியல், உயிரியல் ஆசிரியர்களும் வேண்டும். அவை இல்லாத பாடசாலையில் படிக்கும் பிள்ளைக்கு அம்மாவட்டப் பங்கு பெயரளவிலேயே உரியது. கலைப் பிரிவு ஒன்றே திறந்திருக்கும் வாயிலாகிவிடுகின்றது. உள்ளே நுழைந்த பின்னரும், மருத்துவமும் பொறியியலும் ஆங்கிலத்திலேயே கற்பிக்கப்படுகின்றன.

பேராதனை நூலகத்துக்குச் சட்டப்படி ஓர் உரிமை உண்டு. இலங்கையில் அச்சாகும் நூல் ஒவ்வொன்றிலும் ஒரு படி அங்கே சேர வேண்டும். ஆகவே ஹட்டனிலே அச்சாகும் சிறு கவிதை நூலும் ஆற்றோடு இறங்கிவந்து அத்தட்டில் இடம்பெறுகின்றது. ஹட்டன் நிலையத்தில் ரயிலேறும் மாணவன் றொசெல்லை, வட்டவளை, கலபொட, நாவலப்பிட்டி, கம்பளை வழியாகப் பேராதனைச் சந்தியில் இறங்கலாம். கண்டிப் பாதையில் அதற்கடுத்து, பல்கலைக்கழகத்தை ஒட்டினாற்போல் ஒரு சிறு தரிப்பிடம் உண்டு. 'சரசவி உயன' என்று அதற்குப் பெயர்.