மெயினை ஆஃப் செய்தாலும் சீலிங் லைட்டில் கரன்ட் இருக்குமா? மாற்றும் முன் தெரிய வேண்டியவை

ஆன்லைனில் ஆர்டர் செய்த ஹேங்கிங் லைட் வீட்டுக்கு வந்துவிடுகிறது. எலெக்ட்ரீஷியனுக்கு போன் போட்டால், "சின்ன வேலைதானே சார், ஞாயித்துக்கிழமை பார்க்கலாம்" என்கிறார். அந்த ஞாயிறு வருவதே இல்லை. நாமே மாட்டிவிடலாமே என்ற எண்ணம் அப்போதுதான் வருகிறது.

பழைய லைட்டைக் கழற்றிப் புதியதை மாட்டுவது பெரிய வேலை இல்லைதான். ஆனால், கை வைக்கப்போகும் ஒயரில் மின்சாரம் இல்லை என்பதை உறுதி செய்வதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது? மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகளின்படி, வயரிங் வேலைகளை உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர்கள் மூலமே செய்ய வேண்டும். பல்பு, ஃபேன், சுவிட்ச், லைட் ஃபிட்டிங் போன்றவற்றை, மின் அமைப்பின் திறனோ தன்மையோ மாறாத வகையில் மாற்றுவதற்கு மட்டும் விலக்கு உண்டு. அதாவது, இருக்கும் பாயின்ட்டில் வேறு லைட்டை மாட்டலாம். புதிதாக ஒயர் இழுத்து இன்னொரு பாயின்ட் போடுவது வேறு கதை.

சுவிட்சை ஆஃப் செய்தால் போதாதா?

போதாது. சுவிட்ச் பேஸ் ஒயரில் இருக்க வேண்டும் என்பது விதி. ஆனால், அவசரமாக வயரிங் செய்த வீடுகளில் அது நியூட்ரலில் மாட்டப்பட்டிருப்பதும் உண்டு. அப்படி இருந்தால் லைட் அணைந்திருக்கும், மேலே ஹோல்டரில் 230 வோல்ட் அப்படியே நிற்கும். சுவிட்சை அணைத்த பிறகும் எல்இடி பல்பு மங்கலாக மினுக்கினால், அதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

சரி, அந்த அறைக்கான எம்சிபியை மட்டும் இறக்கினால்? பெரும்பாலான வீடுகளில் ஒற்றை எம்சிபி பேஸை மட்டுமே துண்டிக்கும். நியூட்ரல் இணைப்பிலேயே இருக்கும். வேறு அறையின் லைட்டும் அதே நியூட்ரலைப் பயன்படுத்தினால், அந்த நியூட்ரல் ஒயரைப் பிரிக்கும்போது ஷாக் அடிக்கலாம். அதனால் மெயினையே அணைப்பது நல்லது. அரை மணி நேரம் ஃபிரிட்ஜ் ஓடாவிட்டால் ஒன்றும் ஆகிவிடாது.

மறந்துபோகும் இன்வெர்ட்டர்

நம்மூர் வீடுகளுக்கே உரிய ஆபத்து இங்கேதான் இருக்கிறது. மெயினை அணைத்ததும் இன்வெர்ட்டர் என்ன நினைத்துக்கொள்ளும்? 'கரன்ட் போயிடுச்சு' என்றுதான். உடனே பேட்டரியிலிருந்து மின்சாரம் கொடுக்கத் தொடங்கிவிடும். ஹால், படுக்கையறை லைட்டுகளும் ஃபேன்களும்தான் வழக்கமாக இன்வெர்ட்டர் லைனில் இருக்கும். மாற்றப்போகும் லைட்டும் அந்த லைனில் இருந்தால், மெயினை அணைத்ததில் ஒரு பயனும் இல்லை.

இதன் மறுபக்கமும் உண்டு. இன்வெர்ட்டரின் முன்பக்க சுவிட்சை மட்டும் அணைத்தால், மெயின் மின்சாரம் அதன் வழியாக நேராக லைட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். ஆகவே இரண்டையும் அணைக்க வேண்டும்: முதலில் இன்வெர்ட்டர், பிறகு மெயின். வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது. இன்வெர்ட்டருக்கு முன்னால் இருக்கும் ஆர்சிசிபியால், பேட்டரியிலிருந்து வரும் மின்சாரத்தைத் துண்டிக்க இயலாது. பேஸையும் நியூட்ரலையும் ஒரே நேரத்தில் தொட்டுவிட்டாலும் அது காப்பாற்றாது.

அணைத்த மெயினில் ஒரு டேப்பை ஒட்டி, வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். "ஏன் கரன்ட் இல்லை?" என்று பார்க்க வந்து மெயினைப் போட்டுவிடுபவர் பெரும்பாலும் வீட்டுக்காரராகத்தான் இருப்பார்.

டெஸ்டர் எரியவில்லை என்றால்?

இருபது, முப்பது ரூபாய் டெஸ்டரில் உள்ள சிறிய நியான் விளக்கு, நம் உடல் வழியாகப் பாயும் மிகக் குறைந்த மின்சாரத்தில்தான் எரிகிறது. காய்ந்த மர ஸ்டூலில், ரப்பர் செருப்போடு நின்றால் அது மங்கலாகவே எரியும். பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாமல் போகலாம். எரிந்தால் கரன்ட் இருக்கிறது என்று அர்த்தம். எரியாவிட்டால் கரன்ட் இல்லை என்று அர்த்தமில்லை.

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டர் நம்பகமானது. மெயினை அணைக்கும் முன் ஒரு சாக்கெட்டில் வைத்து, அது 230 வோல்ட் அளவில் காட்டுகிறதா என்று பாருங்கள். பிறகு மேலே பேஸ்-நியூட்ரல், பேஸ்-எர்த், நியூட்ரல்-எர்த் என மூன்றையும் சோதிக்க வேண்டும். லைட் சுவிட்ச் ஆன் நிலையில் இருக்கும்போதும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

நீல ஒயர் எது?

பெட்டியில் வந்த புதிய லைட்டில் பழுப்பு பேஸ், நீலம் நியூட்ரல், பச்சை-மஞ்சள் எர்த். சீலிங்கிலோ சிவப்பும் கறுப்பும் தொங்கும். நம் வீடுகளின் பழைய வழக்கப்படி சிவப்பு பேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். இது வரை குழப்பமில்லை.

த்ரீ பேஸ் இணைப்பு உள்ள வீடுகளில்தான் சிக்கல். அங்கே சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றுமே பேஸ்! 'நீலத்தோடு நீலம்' என்று சேர்த்தால், லைட்டின் நியூட்ரல் ஒயரை பேஸில் மாட்டியதாகிவிடும். நிறத்தை மட்டும் நம்பாமல், பழைய லைட்டில் எது எங்கே போகிறது என்பதைக் கழற்றும் முன்பே போனில் படம் எடுத்து வைத்துக்கொள்வது உத்தமம். இரண்டுக்கு மேல் ஒயர்கள் இருந்தால், அவை அடுத்த பாயின்ட்டுக்கு லூப்பாகப் போகும். அந்தப் படம் இல்லாமல் அவற்றைப் பிரித்தால் தலைவலிதான்.

லைட் உலோக பாடியாக இருந்தால் எர்த் கட்டாயம். சீலிங்கில் எர்த் ஒயரே இல்லையா? சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி உள்ள, எர்த் தேவைப்படாத லைட்டை வாங்குவதே வழி. திருகு பல்பு ஹோல்டரில் பேஸ் நடு முனைக்குப் போக வேண்டும், மரை உள்ள பக்கத்துக்கு அல்ல. இல்லையென்றால், பல்பு மாற்றும்போது விரல் படும் இடத்தில் கரன்ட் இருக்கும்.

முறுக்கி டேப் சுற்றலாமா?

வேண்டாம். சீலிங் சூட்டில் டேப்பின் பசை இளகி, சில ஆண்டுகளில் கழன்றுவிடும். டெர்மினல் கனெக்டர் வாங்கிக்கொள்ளலாம். ஒயரைச் சுமார் 8 முதல் 10 மில்லிமீட்டர் சீவி உள்ளே விட்டு இறுக்கிய பின், செம்பு வெளியே தெரியக் கூடாது. ஒவ்வொரு ஒயரையும் இழுத்துப் பாருங்கள். வந்துவிட்டால், இப்போதே வந்தது நல்லது.

லைட்டின் எடையை ஒயர் தாங்கக் கூடாது. ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங்கும் கனமான லைட்டைத் தாங்காது, மேலே உள்ள கான்கிரீட்டிலிருந்துதான் தொங்கவிட வேண்டும். அந்த கான்கிரீட்டுக்குள் ஒயர் பைப் ஓடுவதால், பாயின்ட்டை ஒட்டித் துளையிடும்போது கவனம் தேவை. பிளாஸ்டிக் நாற்காலி மேல் ஸ்டூல் வைத்து ஏறும் வித்தையெல்லாம் வேண்டாம். லேசான ஷாக்கே அடித்தாலும், கீழே விழுவதில்தான் எலும்பு முறியும். ஏணியைப் பிடிக்க ஒருவர் இருப்பது நல்லது.

கழற்றிய பிறகு ஒயரின் உறை விரலால் வளைத்ததும் நொறுங்கினால், செம்புக்குப் பதில் வெள்ளி நிற அலுமினியம் தெரிந்தால், அல்லது இரண்டையும் அணைத்த பிறகும் மீட்டர் வோல்ட் காட்டினால், அங்கேயே நிறுத்திவிட வேண்டும். தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் சான்று பெற்ற ஒயர்மேன் வரும் வரை, அந்த அறைக்கு ஒரு டேபிள் லேம்ப் போதும்.