பருத்த பூனை நலமான பூனையன்று

புதூர்நாட்டு மலைக்கிராமங்களில் சாமையும் கேழ்வரகும் சேர்த்து வைத்த வீட்டிற்குப் பூனையே காவல். ஓடியும் தாவியும் எலி பிடிக்கும் பூனை எளிதில் பருப்பதில்லை. அதே பூனையை நகரத்து வீட்டிற்குள் வைத்து, கேட்கும்போதெல்லாம் பாலும் சோறும் அளித்தால் உடல் பெருக்கும். கருத்தடை செய்த பூனைக்கு உணவுத்தேவை குறைந்து பசி கூடுவதால், இன்னும் விரைவில் பருக்கும்.

நான்கு கிலோ இருக்க வேண்டிய பூனை ஐந்து கிலோவானால், அறுபது கிலோ மனிதர் எழுபத்தைந்து கிலோவானதற்கு ஒப்பாகும். விலாவைத் தடவிப் பாருங்கள்; எலும்புகள் கைக்கு எளிதில் தட்டுப்பட வேண்டும். மேலிருந்து நோக்கினால் இடை ஒடுங்கித் தெரிய வேண்டும்.

மிகுந்த கொழுப்பு இன்சுலினின் செயலை மந்தமாக்குகிறது. ஆகவே, நம்மைப் போன்றே பூனைக்கும் நீரிழிவு வருகிறது. மிகுதியாக நீர் அருந்துதல், அடிக்கடி சிறுநீர் கழித்தல், உண்டும் மெலிதல் ஆகியவை அதன் அறிகுறிகள். மூட்டுத் தேய்வும் சிறுநீர்ப்பாதைக் கோளாறும் உடன் வரலாம். ஆண் பூனை சிறுநீர் கழிக்க இயலாமல் முக்கினால், அன்றே மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.

பருமனைக் குறைக்கப் பூனையைப் பட்டினி போடாதீர்கள். பருத்த பூனை சில நாள்கள் உண்ணாதிருந்தால், உடற்கொழுப்பு கல்லீரலில் சென்று தேங்கி, மஞ்சள்காமாலை கண்டு உயிரிழக்க நேரிடலாம். இதனை நம் வாசகர்கள் சிறப்பாக நினைவிற்கொள்ள வேண்டும். வீட்டில் ஒருவர் மருத்துவமனையில் சேர்ந்து, மற்றவர்கள் உடன் தங்கும் நாள்களில், தனித்துவிடப்பட்ட பூனை உணவை மறுப்பதுண்டு. அண்டை வீட்டாரிடம் உணவு வைக்கச் சொல்வது மட்டும் போதாது. அது உண்டதா எனவும் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு நாள் முழுதும் உண்ணாவிடில் கால்நடை மருத்துவரை நாடுங்கள்.

எடையைக் குறைப்பதற்குப் பொறுமை வேண்டும். வாரத்திற்கு உடல் எடையில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு குறைந்தால் போதும். ஐந்து கிலோ பூனைக்கு அது 50 கிராம். பூனை ஊனுண்ணி, ஆதலால் சோற்றைக் குறைத்து, உப்பும் மசாலாவும் சேர்க்காமல் வேகவைத்த மீனோ கோழியோ சிறிதளவாக, வேளைகளைப் பிரித்து அளியுங்கள். முழு உணவுத்திட்டத்தை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நாள்தோறும் சிறிது நேரம் கயிறு இழுத்து விளையாட விடுங்கள்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை: உங்களுக்கு எழுதித்தந்த மாத்திரையைப் பூனைக்குக் கொடுக்காதீர்கள். ஒரே ஒரு பாரசிட்டமால் மாத்திரையும் அதன் உயிரைப் பறிக்கக்கூடும். உங்கள் மருந்து உங்களுக்கு மட்டுமே.