வலிப்பு வந்தவரை விட்டு விலகாதீர்!



காலைப் பிரட்டில் நம் பக்கத்தில் நிற்பவர் திடீரென விழுந்து, கைகால் இழுத்து, வாயில் நுரை தள்ளினால் என்ன செய்கிறோம்? ஒருவர் சாவிக்கொத்தைக் கையில் திணிக்கிறார். இன்னொருவர் கரண்டியை வாயில் நுழைக்கிறார். அவருக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்துவிட்டாலோ, "கிட்டப் போகாதே, ஒட்டிக்கும்!" என்று எல்லோரும் ஒதுங்கிவிடுகிறோம். மூன்றுமே தவறு.

எச்சிலாலும் நுரையாலும் எச்.ஐ.வி. ஒட்டாது. நாக்கைக் கடித்து இரத்தம் வந்திருந்தால், கையில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு உதவுங்கள். பால்கத்தியை அப்புறப்படுத்துங்கள். சட்டைக் கழுத்தைத் தளர்த்தி, ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். அமுக்கிப் பிடிக்காதீர்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள். நினைவு முழுதும் திரும்பும்வரை தண்ணீர்கூட வேண்டாம். 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தாலும், அடுத்தடுத்து வந்தாலும், முதல் தடவை வந்ததென்றாலும் 999க்குக் கூப்பிடுங்கள்.

எச்.ஐ.வி. உள்ளவருக்கு ஏன் வலிப்பு வருகிறது? எதிர்ப்புச் சக்தி குறைந்ததும் டாக்சோபிளாஸ்மா கிருமி, கிரிப்டோகாக்கஸ் பூஞ்சை, காசநோய்க் கிருமி போன்றவை மூளையைத் தாக்கலாம். எச்.ஐ.வி.யே மூளையைப் பாதிப்பதும் உண்டு. காய்ச்சல், விடாத தலைவலி, தடுமாற்றம் ஆகியவை முன்கூட்டியே தோன்றலாம். இந்த மூன்று கிருமிகளுக்குமே மருந்து உண்டு. "பேய் அடிச்சிருக்கு, மந்திரிச்சாப் போயிடும்" என்று நாளைக் கடத்தினால், காப்பாற்றக்கூடிய உயிரை நாமே இழப்போம்.

இன்னொரு விஷயம். வலிப்புக்குத் தரும் பினிடோயின், கார்பமசெபின், பினோபார்பிட்டோன் ஆகிய மாத்திரைகள் சில எச்.ஐ.வி. மருந்துகளின் வேகத்தைக் குறைத்துவிடும். அப்போது கிருமி மறுபடி தலைதூக்கும். லெவெடிராசிட்டம் போன்ற வேறு மாத்திரைகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் டாக்டருக்குத் தெரிந்தால்தானே மாற்றிக் கொடுப்பார்? ஓரிடத்தில் வலிப்பு மாத்திரை, வேறிடத்தில் எச்.ஐ.வி. மாத்திரை வாங்குபவர்கள், இரண்டு டாக்டரிடமும் இரண்டையும் காட்டுங்கள். டாக்டரிடம் சொல்வது ஊருக்குச் சொல்வதாகாது. எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

நம் நாட்டில் முதல் எச்.ஐ.வி. நோயாளி 1986இல் கண்டறியப்பட்டபோது மருந்தில்லை. இன்று மருந்து இருக்கிறது. வெட்கமும் பயமும்தான் குறுக்கே நிற்கின்றன. விழுந்து கிடப்பவர் நம்மோடு வேர்வை சிந்தியவர். கிட்டப் போங்கள், தோழர்களே!