சின்னத்திரையில் ஒரு சிகரம்

இயக்குநர் சிகரம் கே. பாலசந்தரின் படங்களைச் சொல்லுங்கள் என்றால் 'அரங்கேற்றம்', 'அபூர்வ ராகங்கள்', 'சிந்து பைரவி' என்று மடமடவென ஒப்பித்துவிடுவோம். அதே மூச்சில் 'ரயில் சிநேகம்', 'கையளவு மனசு' என்று சேர்த்துச் சொல்பவர்கள் குறைவு. மார்க்கெட் போன பிறகு டி.வி. பக்கம் ஒதுங்கினார் என்பது கோடம்பாக்கத்துப் பேச்சு. அபத்தம். அரசாங்க வேலையில் இருந்துகொண்டே நாடகம் போட்ட மனிதருக்கு டி.வி. தாய்வீடு மாதிரி.

'எதிர்நீச்சல்' (1968) மேடைக்காக எழுதிய கதை. ஒண்டுக்குடித்தன வீடு, மாடிப்படிக்கு அடியில் முடங்கும் மாது என்ற இளைஞன், முகமே காட்டாமல் இருமியே பெயர் வாங்கிய தாத்தா. நாலு சுவரும் நல்ல வசனமும் போதும் என்று காட்டிய படம். டி.வி. கேட்பதும் அதைத்தானே? பிற்பாடு, 1985-ல் வந்த 'சிந்து பைரவி'யின் பாத்திரங்களையே 'சஹானா' தொடரில் மேலும் வாழவிட்டார். இரண்டரை மணி நேரத்தில் அடைக்க முடியாததற்கு அங்கே இடம் கிடைத்தது.

வாரத் தொடர் போய் தினத் தொடர் வந்ததும் எல்லாம் தலைகீழ். வளசரவாக்கம் பக்கம் ஏதாவது ஷூட்டிங் வீட்டை எட்டிப் பாருங்கள். டயலாக் பேப்பர் காலையில்தான் வாட்ஸ்அப்பில் வந்திருக்கும். ஹாலில் எட்டுப் பேர் வரிசையாக நிற்பார்கள். மருமகள் ஒரு வார்த்தை சொன்னதும் எட்டு முகத்துக்கும் தனித்தனி குளோசப். அதிர்ச்சி ரியாக்‌ஷனிலேயே ஒரு நிமிட ஃபுட்டேஜ் தேறிவிடும். மாமியாராக நடிப்பவருக்கு மதியம் வேறு சீரியலில் கால்ஷீட். அவருடைய ஷாட்களை முதலில் எடுத்து அனுப்பிவிடுவார்கள். பிறகு மருமகள் வெறும் சுவரைப் பார்த்து அழுவார். எங்கே மௌனம் வைப்பது என்று யோசிக்க இயக்குநருக்கு ஏது நேரம்?

இந்தத் தினத் தொடர்களால்தான் பல குடும்பங்களில் அடுப்பு எரிகிறது என்பார்கள். வாஸ்தவம்.

ஆனால் எனக்குக் கவலை உதவி இயக்குநர்களைப் பற்றி. காட்சியை எழுதி, அடித்து, திருத்தித் தொழில் கற்ற காலம் ஒன்று உண்டு. இப்போது நேற்றைய சீனில் என்ன புடவை, எந்தக் கையில் காபி டம்ளர் என்று குறித்துவைப்பதிலேயே நாள் ஓடுகிறது. ராத்திரி பேக்கப் ஆனதும் முதல் கேள்வி, "இன்னிக்கு எத்தனை நிமிஷம் தேறுச்சு?" பத்து வருஷம் இப்படி ஓட்டிவிட்டு, கையில் ஒரு கதையோடு தயாரிப்பாளர் முன்னால் போய் உட்காருகிறான் ஒரு பையன். டைட்டில் கார்டில் ஆயிரம் எபிசோடுக்கு அவன் பெயர் வந்திருக்கும். "நீங்களே யோசிச்சு எடுத்த சீன் ஒண்ணு காட்டுங்க தம்பி" என்று அவர் கேட்டால், எதைக் காட்டுவான்?